ஆர்ஸ் கிராமத்தின் பங்குத்தந்தை

1799-ஆம் ஆண்டு, வைக்கோல் அறுவடைக் காலம். பிரான்சு நாட்டில் லியோன் நகரை அடுத்த எக்குல்லி என்னும் ஊரில் ஒரு வீட்டின் சன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய வண்டிகள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. ஆட்கள் சிலர் வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தனர். வழியில் சென்றவர்களுக்கு அது அன்றாடப் பண்ணை வேலையாகவே தோன்றியிருக்கும். உள்ளே, அடைத்த சன்னல்களுக்குப் பின்னால், மெழுகுவத்திகளின் ஒளியில் ஒரு குருவானவர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். அந்த ஒளி வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே வண்டிகள் அங்கு நின்றன. அன்று முதன்முறையாக நற்கருணை பெற்ற சிறுவர் சிறுமியருள், பக்கத்துக் கிராமமான தார்தில்லியிலிருந்து வந்திருந்த பதின்மூன்று வயது உழவர் மகன் ஒருவனும் இருந்தான். பிரெஞ்சு மொழியில் அவனது பெயர் ழான்-மரி வியான்னே. தமிழ்க் கத்தோலிக்கர் அவரைப் புனித ஜான் மரிய வியான்னி என்று அழைக்கின்றனர்.

கல்வியில் மிகவும் பின்தங்கியவர், இரு முறை தேர்வில் தோற்றவர், சுமார் 230 பேர் வாழ்ந்த ஒரு குக்கிராமத்தில் நாற்பத்தோர் ஆண்டுகளைக் கழித்தவர் இவர். நூல் எதுவும் எழுதவில்லை. சபை எதையும் நிறுவவில்லை. ஆயினும் கத்தோலிக்க மரபில் அருட்சாதனம் என்றால் என்ன என்று அறிய விரும்புவோர் இறையியல் நூல்களோடு இவரது வாழ்க்கையையும் படிப்பது நன்று.

அருட்சாதனம் என்ற சொல்லைச் சற்று விளக்குவது தேவை. முற்காலத் தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் இதனைத் தேவதிரவிய அனுமானம் என்று குறிப்பிட்டன. கண்ணுக்குப் புலப்படாத இறையருள், கண்ணுக்குப் புலப்படும் ஓர் அடையாளத்தின் வழியாக மனிதனை வந்தடைகிறது. அந்த அடையாளத்தை ஏற்படுத்தியவர் கிறிஸ்துவே என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. நீர், எண்ணெய், அப்பம், திராட்சை இரசம், தலைமேல் வைக்கப்படும் கை, சொல்லப்படும் சில சொற்கள்: இவ்வளவு எளிய பொருள்களே அருளின் வாயில்களாகின்றன. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என அவை ஏழு. 1547-இல் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் இந்த எண்ணிக்கையை உறுதிசெய்தது. ஒருவரின் பிறப்பு முதல் இறப்பு வரை உள்ள முக்கியமான திருப்பங்கள் யாவும் இந்த ஏழினுள் அடங்கிவிடுகின்றன. வியான்னி தம் வாழ்நாளில் இவற்றுள் ஆறினைப் பெற்றார். திருமணம் ஒன்றே அவர் பெறாதது. அதனையும் தம் மக்கள் பலருக்கு முன்னின்று நிறைவேற்றி வைத்தார்.

மறைந்து வாழ்ந்த திருச்சபை

1786-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் வியான்னி பிறந்தார். அன்றே அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பெற்றோர் மத்தேயுவும் மரியாவும் நிலபுலன் உடைய உழவர்கள். வீடற்ற ஏழைகளுக்கு உணவும் இரவில் தங்க இடமும் அளிப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட பெனடிக்ட் ஜோசப் லாபர் என்னும் நாடோடித் துறவி ஒருமுறை அங்கு தங்கிச் சென்றதாகக் கூறுவர்.

சிறுவனுக்கு மூன்று வயதாகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1790-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று குருக்களை அரசின் ஊழியராக்கியது. அதற்கு உட்படுவதாக உறுதிமொழி எடுக்க மறுத்தவர்கள் பதவி இழந்தனர், பின்னர் வேட்டையாடப்பட்டனர். பலர் தலை துண்டிக்கப்பட்டு இறந்தனர். வியான்னி குடும்பத்தார் தொடக்கத்தில் வேறுபாடு அறியாமல், உறுதிமொழி எடுத்த குருவின் திருப்பலிக்கே சென்றுவந்தனர். உண்மை தெரிந்ததும் அதனை நிறுத்தினர். அதன்பின், தச்சராகவும் சமையற்காரராகவும் மாறுவேடம் பூண்டு ஊர் ஊராகச் சென்ற குருக்களைத் தேடி, இரவு வேளைகளில் களஞ்சியங்களிலும் தனி வீடுகளிலும் கூடினர்.

இங்கு ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. உறுதிமொழி எடுத்தவரும் முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்ட குருவே. அவர் நிறைவேற்றும் திருப்பலி செல்லாததாகிவிடுமா? கத்தோலிக்க இறையியலின் விடை, செல்லாததாகாது என்பதே. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் இதே போன்ற கேள்வி எழுந்தது. துன்புறுத்தலின்போது தளர்ந்துவிட்ட குருக்கள் அளிக்கும் அருட்சாதனங்கள் பயனற்றவை என்று தொனாத்துவின் வழிநின்றோர் கூறினர். புனித அகுஸ்தீன் அதனை மறுத்தார். திருமுழுக்கு அளிப்பவர் நல்லவராயினும் தீயவராயினும் உண்மையில் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்பது அவரது நிலை. பாயும் நீருக்குக் கல்லால் செய்த வாய்க்காலும் ஒன்றே, வெள்ளியால் செய்த வாய்க்காலும் ஒன்றே என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம். உழவர் குடும்பத்தார் அந்தக் குருவை விட்டு விலகியதற்குக் காரணம் சடங்கின் செல்லுபடி பற்றிய ஐயம் அன்று. உலகளாவிய திருச்சபையுடனான ஒன்றிப்பை அவர் முறித்துக்கொண்டார் என்பதே.

சடங்கின் பயன் அதனை நிறைவேற்றுபவரின் தகுதியைப் பொறுத்ததன்று என்றால், அவர் ஏன் நல்லவராக இருக்க வேண்டும்? தத்துவம் பயின்ற எவருக்கும் இந்த ஐயம் எழாமல் இராது. வியான்னியின் எஞ்சிய வாழ்க்கையை இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு பார்ப்போம்.

பதினோராம் வயதில், தன் வீட்டிலேயே, பெரிய கடிகாரத்தின் அடியில் நின்று, தலைமறைவாய் இருந்த குரு ஒருவரிடம் அவன் முதன்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அதாவது, தன் குற்றங்களை வாய்விட்டுச் சொல்லி இறைவனின் மன்னிப்பைப் பெற்றான். இரண்டாண்டு கழித்து, வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் அவனது முதல் நற்கருணை. அருட்சாதனம் என்பது மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்து தருவது என்று தன் பிள்ளைப் பருவத்திலேயே அவன் கண்டான். கொடுத்தவர்களுள் எவர் அடுத்த வாரம் உயிரோடு இருப்பார் என்பது எவருக்கும் தெரியாது.

இலத்தீன் வராத மாணவர்

நெப்போலியனுக்கும் திருத்தந்தைக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1802-இல் ஆலயங்கள் மீண்டும் முறையாகத் திறக்கப்பட்டன. பல பங்குகளில் குருக்கள் இல்லை. வியான்னி குருவாக விரும்பினார். வயலில் ஆள் குறையும் என்று தந்தை தயங்கியதால், இருபது வயதளவில்தான் எக்குல்லியில் பங்குத்தந்தை பாலே அவர்களிடம் படிப்பைத் தொடங்க முடிந்தது. பாலே புரட்சிக் காலத்தில் தலைமறைவாகப் பணியாற்றியவர், கடுந்தவத்தினர்.

இலத்தீன் இலக்கணம் வியான்னிக்குச் சற்றும் பிடிபடவில்லை. தம்மைவிட மிக இளைய சிறுவர்களுடன் அமர்ந்து அவர்கள் எளிதில் ஒப்பித்ததை இவர் மறந்து மறந்து படித்தார். மனம் தளர்ந்து, லா லூவெஸ்க் என்னும் மலைத் திருத்தலத்திற்குக் கால்நடையாக, வழியெல்லாம் பிச்சை ஏற்று, திருப்பயணம் மேற்கொண்டார். 1807-இல் நெப்போலியனின் மாமனாகிய கர்தினால் ஃபெஷ் அவருக்கு உறுதிப்பூசுதல் வழங்கினார்.

1809-இல் ஸ்பெயின் போருக்கு ஆள் எடுத்தபோது அவரது பெயர் பட்டியலில் வந்துவிட்டது. நோயுற்றுப் படையணியைத் தவறவிட்ட அவரை, வழியில் எதிர்ப்பட்ட ஒருவன் லே நோ என்னும் மலைக் கிராமத்திற்கு அழைத்துச் சென்றான். அங்கு வேறு பெயரில், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்துகொண்டு, ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் மறைந்து வாழ்ந்தார். 1810-இல் பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டு, தம்பி அவருக்குப் பதிலாகப் படையில் சேர முன்வந்தபின்தான் வீடு திரும்ப முடிந்தது. இந்நிகழ்ச்சியை அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலவாறு நியாயப்படுத்த முயல்கின்றனர். நமக்கு அது தேவையில்லை. புனிதர்களின் வாழ்வில் விளக்கவியலாத பகுதிகள் இருப்பதில் தவறொன்றும் இல்லை.

1813-இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். பாடங்கள் யாவும் இலத்தீனில். கேட்கும் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. சில மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். பாலே விடவில்லை. தாமே பிரெஞ்சு மொழியில் இறையியல் கற்பித்து, மீண்டும் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். மறுபடியும் குழப்பம். இறுதியில் மறைமாவட்ட நிர்வாகியின் முன் விஷயம் சென்றது. அவர் இந்த இளைஞனின் கல்வியைப் பற்றிக் கேட்கவில்லை. பக்தி உடையவனா என்று மட்டும் விசாரித்தார். ஆம் என்ற விடை வந்ததும், எஞ்சியதை இறையருள் பார்த்துக்கொள்ளும் என்று கூறி இசைவளித்தார் என்பர். 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் இருபத்தொன்பதாம் வயதில், கிரனோபிள் நகரில் அவர் குருத்துவ அருட்சாதனம் பெற்றார். உறவினர் எவரும் உடன் இல்லை. தனியே நடந்து சென்று, குருவாகத் திரும்பினார்.

குருத்துவம் பெற்ற பின்னும் உடனே பாவசங்கீர்த்தனம் கேட்க அவருக்கு அனுமதி தரப்படவில்லை. மனச்சான்றின் சிக்கல்களைத் தீர்க்குமளவு அறிவு இவருக்கு இல்லை என்று மேலிடம் கருதியது. சில மாதங்களுக்குப் பின் அனுமதி வந்தபோது, அவரிடம் முதலில் மண்டியிட்டவர் அவருடைய ஆசிரியரான பாலேயே. இலக்கணம் கற்பித்த ஆசிரியர், இலக்கணம் வராத மாணவரின் முன் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வேண்டினார். வழங்குபவரின் ஆற்றல் அன்று, அவர் வழியாகச் செயல்படுபவரின் ஆற்றலே அருட்சாதனத்தில் உள்ளது என்ற கொள்கையை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் விளக்கிவிட முடியாது.

ஆர்ஸ்

1817 டிசம்பரில் பாலே மறைந்தார். 1818 பிப்ரவரியில் வியான்னி ஆர்ஸுக்கு அனுப்பப்பட்டார். லியோனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், சிறிய ஆலயமும் மண் சுவர் வீடுகளும் நான்கு மதுக்கடைகளும் கொண்ட ஊர். பனிமூட்டத்தில் வழி தவறிய அவருக்கு ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் வழிகாட்டினான். நீ எனக்கு ஆர்ஸுக்கு வழி காட்டினாய், நான் உனக்கு விண்ணகத்திற்கு வழி காட்டுகிறேன் என்ற பொருள்பட அவர் அவனிடம் கூறியதாக மரபு. அந்த இடத்தில் இன்று இருவரின் சிலைகள் நிற்கின்றன.

ஊரார் இறைநம்பிக்கையை வெறுத்தவர்கள் அல்லர், அதை மறந்தவர்கள். ஞாயிறு அன்றும் வயலில் வேலை. மாலையில் குடியும் நடனமும். புதிய பங்குத்தந்தை விடியலுக்கு நெடுநேரம் முன்னரே ஆலயத்தில் மண்டியிட்டிருப்பதை அவர்கள் கண்டனர். வீட்டிலிருந்த நல்ல மேசை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மெத்தையை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஒரு வாரத்திற்குப் போதுமான உருளைக்கிழங்கை ஒரே நாளில் அவித்து வைத்துக்கொண்டு, கடைசி நாட்களில் பூஞ்சை படிந்ததையும் உண்டார்.

முதல் ஆண்டுகளில் அவரது போதனை மிகக் கடுமையானது. மறையுரைகளைப் பழைய நூல்களிலிருந்து இரவெல்லாம் எழுதி மனப்பாடம் செய்வார். மேடையில் ஏறியதும் மறந்துவிடும். அந்நூல்கள் நரகத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுபவை. நடனத்தை விடமாட்டோம் என்றவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மறுத்தார். அந்நாளைய பிரெஞ்சுக் குருக்கள் பலரிடம் இருந்த கடும்போக்கு அது. அன்று விலக்கி வைக்கப்பட்ட ஓர் உழவர் மகளின் வேதனையை நாம் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மருந்து கையிலிருந்தும், நோயாளி பத்தியம் காக்கமாட்டாள் என்று கொடுக்க மறுக்கும் மருத்துவரைப் போன்றது அச்செயல். ஆண்டுகள் செல்லச் செல்ல வியான்னி மாறினார். புனித அல்போன்ஸ் லிகோரியின் கனிவான ஒழுக்க இறையியல் பிரான்சில் பரவியபோது அதனை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவரை மிகுதியாகக் கனியச் செய்தது நூல் அன்று. தம் முன் மண்டியிட்டவர்களிடம் ஆயிரக்கணக்கான மணி நேரம் செவிசாய்த்ததே.

ஆர்ஸின் மாற்றம் மெதுவாக நிகழ்ந்தது. மதுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1824-இல் ஏழைச் சிறுமியர்க்கு ஓர் இல்லமும் பள்ளியும் தொடங்கினார். ஆதரவற்ற பெண் குழந்தைகள் பலர் அங்கு வளர்ந்தனர். முதிய உழவர் ஒருவர் வயலுக்குச் செல்லும் வழியில் மண்வெட்டியை ஆலய வாசலில் சாத்திவிட்டு, உள்ளே சென்று, நற்கருணைப் பேழையின் முன் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பார். உதடுகள் கூட அசைவதில்லை. என்ன செய்கிறீர்கள் என்று வியான்னி ஒருநாள் விசாரித்தார். தாம் இறைவனைப் பார்ப்பதாகவும் இறைவன் தம்மைப் பார்ப்பதாகவும் அவர் விடையளித்தார். பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் வியான்னி கண்ணீர் வடிப்பார். நற்கருணை என்பது அப்பத்தின் வடிவில் கிறிஸ்துவின் உண்மையான பிரசன்னம் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. இறையியலார் பல்லாயிரம் பக்கங்களில் விளக்கியதை அந்த உழவர் ஒரு பார்வையில் அடக்கிக்கொண்டார்.

மரத்தொட்டிக்குள் ஒரு வாழ்க்கை

1827-ஆம் ஆண்டளவில் வெளியூரார் வரத் தொடங்கினர். அருகிலுள்ள பங்குகளில் உதவச் சென்றபோது அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களே மீண்டும் ஆர்ஸுக்குத் தேடி வந்தனர். பின் அந்த வரவு வெள்ளமாயிற்று. அவரது இறுதி ஆண்டுகளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்தனர். லியோனிலிருந்து நாள்தோறும் வண்டிகள் ஓடின. லியோன் இரயில் நிலையத்தில் ஆர்ஸ் செல்வோர்க்கெனத் தனி அலுவலகம் ஏற்படுத்தி, எட்டு நாட்கள் செல்லத்தக்க பயணச்சீட்டு வழங்கினர். அவரிடம் ஒருமுறை பேசுவதற்குப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவர் அமரும் மரக்கூண்டைப் பழைய தமிழில் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பர். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு வியான்னி அதனுள் சென்று அமர்வார். காலைத் திருப்பலி, மறைக்கல்வி, சிறிது உணவு, நோயாளிகளைக் காணுதல் ஆகியவற்றிற்கு மட்டும் வெளியே வருவார். குளிர்காலத்தில் நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரத்திற்கும் மேலாக, கோடையில் பதினாறு மணி நேரம் வரை. குளிரில் கால்கள் மரத்துப்போகும். வெப்பத்தில் மூச்சுத் திணறும். முப்பது ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

அங்கு என்ன நிகழ்ந்தது என்பதை முழுமையாக அறிய இயலாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போவதாயினும் வெளியிடலாகாது என்பது விதி. வந்தவர்கள் தாமாகச் சொன்னதே நமக்குக் கிடைக்கிறது. அவர் நீண்ட அறிவுரை கூறுவதில்லை. ஓரிரு சொற்கள்தாம். சில வேளைகளில் எதுவும் கூறாமல் அழுவார். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்ட ஒருவரிடம், நீர் அழாததால் நான் அழுகிறேன் என்ற பொருள்பட விடையளித்தார். இந்த அருட்சாதனத்தில் பாவம் செய்தவர் மனம் வருந்த வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். குருவானவர் மன்னிப்பின் சொற்களைக் கூறுகிறார். வியான்னி எளிய பரிகாரத்தையே பிறருக்கு விதித்தார். எஞ்சியதைத் தாமே அவர்கள் சார்பில் நோன்பாலும் விழிப்பாலும் நிறைவேற்றினார்.

முன்னர் எழுப்பிய கேள்விக்கு இங்கு ஒரு விடை தென்படுகிறது. மன்னிப்பை அளிப்பவர் இறைவன். அதற்கு வியான்னியின் புனிதம் தேவையில்லை. ஒழுக்கம் கெட்ட ஒரு குருவானவர் அதே சொற்களைக் கூறினாலும் மனம் வருந்தியவனுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அந்த வருத்தம் எங்கிருந்து வரும்? முப்பது ஆண்டுகளாகக் கோவில் பக்கம் வராத ஒருவன் வேடிக்கை பார்க்க ஆர்ஸுக்கு வருகிறான், மெலிந்த, நரைத்த இம்மனிதரைக் காண்கிறான், தன்னையறியாமல் மண்டியிடுகிறான். அருளை உண்டாக்குவது குருவானவரின் தூய்மை அன்று. அருள் வந்து நிற்கும் வாசலில், உள்ளிருப்பவனைக் கதவைத் திறக்கச் செய்வது அது.

ஒருநாள் துக்க உடையணிந்த விதவை ஒருத்தி கூட்டத்தில் நின்றாள். அவளுடைய கணவன் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவன். பாவசங்கீர்த்தனமோ நோயில்பூசுதலோ இன்றி, அதுவும் தற்கொலையால் இறந்தவனுக்கு மீட்பு இல்லை என்றே அக்காலத்துப் பொதுமக்கள் எண்ணினர். அவள் வாய் திறக்கும் முன்னரே வியான்னி அருகில் வந்து, அவன் மீட்படைந்துவிட்டான் என்றார். அவள் நம்பவில்லை. பாலத்திற்கும் நீருக்கும் இடையே மனம் வருந்த அவனுக்கு நேரம் இருந்தது என்று அவர் விளக்கினார். மதப்பற்றில்லாத அவன், மே மாதத்தில் மனைவி அன்னை மரியிடம் வேண்டியபோது எப்போதாவது சேர்ந்து வேண்டியதை நினைவூட்டினார். இது அவர் எப்படி அறிந்தார் என்ற வியப்பை நாம் ஒருபுறம் வைத்துவிடலாம். நடனமாடியதற்காகப் பாவமன்னிப்பு மறுத்த அதே மனிதர்தாம் இவர். அருட்சாதனங்களை வழங்குவதிலேயே தம் உடலைத் தேய்த்தவர், இறைவனின் இரக்கம் அவற்றுக்குள் அடைபட்டதன்று என்று அறிந்திருந்தார். இறைவன் தம் ஆற்றலை அருட்சாதனங்களோடு கட்டிப்போட்டுவிடவில்லை என்பது புனித தாமஸ் அக்குவினாவின் கொள்கையும் ஆகும். வியான்னி அதனை நூலில் கற்றாரா என்பது ஐயமே.

தப்பியோட விரும்பியவர்

மற்றக் குருக்கள் சிலர் அவரை விரும்பவில்லை. இவ்வளவு குறைந்த கல்வியுடையவர் பாவசங்கீர்த்தனம் கேட்கவே கூடாது என்று ஒருவர் கடிதம் எழுதினார். வியான்னி நன்றியுடன் பதில் எழுதி, தம்மை இப்பொறுப்பிலிருந்து விடுவிக்க ஆயரிடம் பேசி உதவுமாறு கேட்டுக்கொண்டார். அவருக்கு எதிரான ஒரு முறையீடு குருக்களிடையே சுற்றிவந்து தவறுதலாக அவரிடமே வந்தபோது, தாமும் அதில் கையொப்பமிட்டு அனுப்பிவைத்தார். இதனை நகைச்சுவை என்று கொள்வோரும் உண்டு. ஆனால் அவர் உண்மையாகவே தம்மைத் தகுதியற்றவர் என்று நம்பினார். அந்த நம்பிக்கை அவரை வதைத்தது. மடமொன்றில் ஒதுங்கி, தம் பாவங்களுக்காக அழுதுகொண்டிருக்க வேண்டும் என்பதே அவரது நெடுநாளைய ஏக்கம்.

1843 மே மாதத்தில் கடும் காய்ச்சல் கண்டு, இறப்பின் விளிம்பில் நோயில்பூசுதல் பெற்றார். பிழைத்தெழுந்தார். அந்தச் செப்டம்பரில் ஓர் இரவு, தார்தில்லியிலுள்ள தம் அண்ணன் வீட்டிற்கு நடந்தே சென்றுவிட்டார். மக்கள் அங்கும் தேடி வந்தனர். சில நாட்களில் திரும்பினார். 1853-இல் மீண்டும் நள்ளிரவில் புறப்பட்டார். இம்முறை செய்தி கசிந்து, ஆலயமணி ஒலித்தது. ஊரார் விளக்குகளுடன் ஓடிவந்து வழிமறித்தனர். அவர்களிடையே, பாவசங்கீர்த்தனத்திற்காக நாட்கணக்கில் காத்திருந்த வெளியூராரும் இருந்தனர். அவர்களைக் கண்டதும் அவர் ஆலயத்திற்குத் திரும்பி, தொட்டிக்குள் சென்று அமர்ந்தார்.

1852-இல் ஆயர் அவருக்கு ஒரு கௌரவப் பட்டத்திற்குரிய மேலாடையை அணிவித்தார். அவர் அதனை ஐம்பது பிராங்குக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1855-இல் அரசு லெஜியன் ஆஃப் ஹானர் விருது வழங்கியது. அதனை அவர் அணிந்துகொள்ளவேயில்லை.

1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடுமையான வெப்பம். மாத இறுதியில் ஓர் இரவு அவரால் எழ முடியவில்லை. ஆகஸ்டு 2-ஆம் நாள் இறுதி அருட்சாதனங்கள் வழங்கப்பட்டன. நற்கருணையைக் கொண்டுவருவதை அறிவிக்கும் மணியோசை கேட்டதும் அழுதார். சுமார் இருபது குருக்கள் மெழுகுவத்திகள் ஏந்தி உடன் வந்தனர். சிறிய அறையில் வெப்பம் தாங்க முடியாததால் அவற்றை அணைத்துவிட நேர்ந்தது. ஆகஸ்டு 4-ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு, தம் எழுபத்து மூன்றாம் வயதில் அவர் உயிர் பிரிந்தது.

1905-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1925-இல் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார். பங்கை விட்டு ஓடிவிட மீண்டும் மீண்டும் முயன்ற இவரையே 1929-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் உலகெங்குமுள்ள பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அவர் மறைந்த 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2009 ஜூன் முதல் 2010 ஜூன் வரை குருக்கள் ஆண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 4-ஆம் நாள் அவரது விழா. தமிழகத்துப் பங்குகளிலும் அன்று மக்கள் தங்கள் பங்குத்தந்தையை வாழ்த்துவர். ஆர்ஸில் அவர் அமர்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டி இன்றும் அவ்வாலயத்திலேயே உள்ளது.